பழைய செல்போன்களுக்கு இணையதள வழியை அடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘உங்கள் சாதனம் இந்தப் பதிப்புக்கு ஏற்றதல்ல’ என்று ப்ளே ஸ்டோர் ஒரு வரி காட்டினால் போதும், போன் காலாவதியாகிவிட்டது என்று முடிவுகட்டி மாதத் தவணையில் புதுப் போன் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். செல்போன் பழுதுநீக்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் இதுபற்றிச் சில விவரங்களைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். செயலி ஏறாத பல போன்களில் அதே சேவையின் இணையதளம் தாராளமாக ஓடும். மின்கட்டணம், பட்டா, வில்லங்கச் சான்று, ரயில் முன்பதிவு, நெட் பேங்கிங் எல்லாம் இதில் அடக்கம். எதைப் பிரவுசரில் முடிக்கலாம், எதற்குச் செயலி இல்லாமல் தீராது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால், 1 ஜிபி, 2 ஜிபி ரேம் கொண்ட போன்களை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

முதலில், செயலி ஏன் முரண்டு பிடிக்கிறது என்பது. ஒவ்வொரு செயலிக்கும் குறைந்தபட்சம் எந்த ஆண்ட்ராய்டு வேண்டும் என்பதை அதைத் தயாரித்தவர்கள் நிர்ணயிக்கிறார்கள். வாட்ஸ்அப் 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்களைக் கைவிட்டது. ஐபோனில் 2025 மே மாதம் முதல் ஐஓஎஸ் 15.1 இருந்தாக வேண்டும். அந்தத் தேதிக்கு முதல் நாள் வரை நன்றாக ஓடிய போன், மறுநாள் எந்தப் பழுதும் இல்லாமலே ‘பழசு’ ஆகிவிடுகிறது.

அடுத்தது இடப் பிரச்சினை. 8 ஜிபி போனில் பாதியைச் சிஸ்டமே விழுங்கிவிடும். மீதியில் 60 எம்பி செயலி ஒன்றை இறக்க 60 எம்பி இடம் போதாது. பதிவிறக்கிய கோப்பு, அதைப் பிரித்துப் போட இடம், போனுக்கு ஏற்றபடி மாற்றி எழுதப்பட்ட நகல், பிறகு ‘கேஷ்’ என்று நாள்தோறும் சேரும் தற்காலிகக் கோப்புகள் என்று இரண்டு மூன்று மடங்கு கேட்கும். ஆண்ட்ராய்டு 5, 6 உள்ள போன்களில் இது இன்னும் மோசம். செயலியை நிறுவும்போதே முழுவதையும் மாற்றி எழுதி வைத்துக்கொள்வது அவற்றின் பழக்கம். சிஸ்டம் அப்டேட் ஆனதும் ‘ஆப்டிமைசிங் ஆப்’ என்று 1, 2, 3 எண்ணிக்கொண்டு கால்மணி நேரம் திரை நிற்பது இதனால்தான். ஆண்ட்ராய்டு 7-இல்தான் அடிக்கடி பயன்படும் பகுதியை மட்டும் அப்படி மாற்றும் முறை வந்தது. மெமரி விளிம்பு வரை நிரம்பிவிட்டால், எழுதுவதற்கு முன் பழையதை அழித்து ஒதுக்கும் வேலை அதிகமாகி போன் முழுவதுமே மந்தமாகும். குறைந்தது 1 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

இடம் பிடிக்கும் அவசரத்தில் பலரும் செய்யும் ஒரு காரியம் நிறையத் தொல்லை கொடுக்கிறது. செட்டிங்ஸில் செயலிப் பட்டியலுக்குப் போய், குரோமையும் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’வையும் தேவையில்லாதவை என்று நினைத்து ‘அப்டேட்டை நீக்கு’ பட்டனை அழுத்திவிடுகிறார்கள். 100, 200 எம்பி கிடைத்துவிடும். ஆனால் போன் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த பதிப்புக்கு அவை திரும்பிவிடும். பல அரசுச் செயலிகளும் கடன் செயலிகளும் உள்ளே வெறும் இணையப் பக்கங்கள்தான்; அந்தப் பக்கங்களைக் காட்டுவது வெப்வியூ. ஆண்ட்ராய்டு 7 முதல் 9 வரை அந்த வேலையைக் குரோமே செய்கிறது. அதைப் பழசாக்கினால் செயலி திறந்ததும் வெள்ளைத் திரை வரும், அல்லது சட்டென்று மூடிக்கொள்ளும். 2021 மார்ச் 22 அன்று வெப்வியூவின் ஒரு கோளாறான அப்டேட்டால் உலகம் முழுவதும் ஜிமெயில் உட்பட ஏராளமான செயலிகள் திறந்த மாத்திரத்தில் மூடிக்கொண்டதை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கலாம். அதே கோளாறைத்தான் நம் கையாலேயே உண்டாக்கிக்கொள்கிறோம். ப்ளே ஸ்டோரில் இரண்டின் பெயரையும் தேடி அப்டேட் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இடம் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் சேர்ந்துகிடக்கும் காணொளிகளில் கை வையுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ்’ பகுதி எந்தக் குழு எவ்வளவு தின்கிறது என்று காட்டும்.

இப்போது பிரவுசர். ஆண்ட்ராய்டில் உள்ள பெரிய வசதி, போனின் சிஸ்டம் பழசானாலும் பிரவுசரைத் தனியாகப் புதுப்பிக்கலாம் என்பதே. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஆண்ட்ராய்டு 5 வைத்திருப்பவருக்குக் குரோமின் 95-ஆம் பதிப்போடு சரி, அது 2021. ஆண்ட்ராய்டு 6-க்கு 106, ஆண்ட்ராய்டு 7-க்கு 119, ஆண்ட்ராய்டு 8-க்கும் 9-க்கும் 138. 2025 ஆகஸ்டில் வந்த 139-க்கு ஆண்ட்ராய்டு 10 வேண்டும். ஃபயர்பாக்ஸ், குரோம் கைவிட்ட பிறகும் ஆண்ட்ராய்டு 5-ஐப் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்தது. ஆகவே ஆண்ட்ராய்டு 5, 6, 7 போன்களில் குரோமில் திறக்காத பக்கத்தை ஃபயர்பாக்ஸில் திறந்து பார்ப்பதே முதல் வைத்தியம். ப்ளே ஸ்டோர் அந்தப் போனுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைத் தரும்.

ஐபோனில் இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே குரோம், ஃபயர்பாக்ஸ் எதை நிறுவினாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் எஞ்சின்தான். அது ஐஓஎஸ்ஸோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படும். ஐபோன் 6, ஐஓஎஸ் 12-லேயே நின்றுவிட்டது என்றால் அதில் எல்லாப் பிரவுசரும் அங்கேயே நின்றவைதான். ஆனால் முன்பு எப்போதாவது வாங்கிய செயலியை ஆப் ஸ்டோரின் ‘வாங்கியவை’ பட்டியலிலிருந்து இறக்கினால், அந்தப் போனுக்குப் பொருந்தும் பழைய பதிப்பு வேண்டுமா என்று கேட்கும். அது ஒரு சின்னச் சலுகை.

பக்கம் திறக்காமல் ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று எச்சரிக்கை வந்தால், முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி முழுதும் இறங்கிப்போன போன் சில சமயம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். அந்தத் தேதிப்படி, தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் மறுக்கிறது. தேதியைத் தானியங்கிக்கு மாற்றினால் தீர்ந்தது. தேதி சரியாக இருந்தும் சில தளங்களில் மட்டும் எச்சரிக்கை வருகிறதா? அப்படியானால், யார் தரும் சான்றிதழை நம்பலாம் என்று போனுக்குள் இருக்கும் மூலச் சான்றிதழ்ப் பட்டியல் பழசு. இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சொந்த மூலச் சான்றிதழ், ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் கிடையாது. பழைய போன்களுக்காக அது வேறொரு அமைப்பின் சான்றிதழைத் துணைக்கு வைத்திருந்தது. அந்த ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்துபோனது. சின்ன நிறுவனங்கள், பள்ளி கல்லூரிகள், கோயில் தளங்கள் எனப் பலவும் இந்த இலவசச் சான்றிதழில்தான் ஓடுகின்றன. எச்சரிக்கையைத் தாண்டி ‘பரவாயில்லை, போ’ என்று அழுத்தும் பழக்கம் வேண்டாம். அது பழகிவிட்டால் உண்மையிலேயே போலியான தளத்திலும் அதே விரல் அதே இடத்தில் அழுத்தும். ஃபயர்பாக்ஸ் தன்னுடைய சான்றிதழ்ப் பட்டியலைத் தானே சுமந்து வருவதால், அதே பழைய போனில் அதே தளம் எச்சரிக்கையின்றித் திறக்கும்.

லோகோ மட்டும் தெரிந்து மற்றதெல்லாம் வெறுமையாக இருந்தால் அது வேறு கதை. புதிய தளங்கள் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் புதிய இலக்கணத்தில் எழுதப்படுகின்றன. பழைய பிரவுசருக்கு அதில் ஒரு குறியீடு புரியாவிட்டால், அந்தக் கோப்பு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். இணைய வேகத்தின் மேல் பழிபோட்டுப் பயனில்லை. சிக்னல் நான்கு கோடு இருந்தாலும் அப்படித்தான் நிற்கும்.

நம்மூரில் அதிகம் பேரை அழவைப்பது இன்னொன்று: ஓடிபி வாங்கித் திரும்பினால் படிவம் காணாமல் போவது. 1 ஜிபி ரேமில் சிஸ்டம் எடுத்தது போக மிஞ்சுவது சில நூறு எம்பி. பிரவுசரில் பாதிப் படிவம் நிரப்பிவிட்டு, வந்த குறுஞ்செய்தியைப் பார்க்க மெசேஜ் செயலியைத் திறக்கிறீர்கள். அதற்கு இடம் கொடுக்க ஆண்ட்ராய்டு பின்னால் போன பிரவுசரை மூடிவிடும். திரும்பி வந்தால் பக்கம் புதிதாக ஏறும். எழுதியதெல்லாம் போச்சு, ஓடிபியும் செல்லாது. பிரவுசரை விட்டு வெளியே போகாமல் திரையின் மேல்விளிம்பிலிருந்து விரலால் கீழே இழுத்து, அறிவிப்பிலேயே எண்ணைப் படித்து, பின்னர் மேலே தள்ளிவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். அறிவிப்பில் எண் முழுதாகத் தெரியாவிட்டால் அதன் மேல் விரலை வைத்து இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தால் விரியும். சிம்மை வேறு சாதாரண போனில் போட்டு ஓடிபியை அதில் வாங்கிக்கொள்வது இதைவிடச் சுலபம். படிவத்தைத் தொடங்கும் முன் மற்ற டேப்களை மூடிவிடுங்கள். வாட்ஸ்அப்பையும் ஒருமுறை ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ செய்துவிடுங்கள், பிறகு திறந்தால் பழையபடி ஓடும்.

புகைப்படம் ஏற்றுவதிலும் இதே கண்ணி. ‘கோப்பைத் தேர்ந்தெடு’ என்றதும் கேமராவைத் தொட்டால், ரேமைக் கேமரா வாரிக்கொண்டு பிரவுசரை வெளியே தள்ளிவிடும். படத்தை முன்கூட்டியே எடுத்து, அளவைக் குறைத்து, தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டு, பிறகே படிவத்தில் உட்காருங்கள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. 8 மெகாபிக்சலில் எடுத்த படம் 2, 3 எம்பி வரும், அது ஏறாது. கேமரா செட்டிங்ஸில் தெளிவுத்திறனை ஆகக் குறைத்து எடுத்து, கேலரியில் முகத்தை மட்டும் வெட்டினால் அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பணம் கட்டும் கட்டத்தில் பிரவுசரிலிருந்து யுபிஐ செயலிக்குத் தாவித் திரும்பும்போதும் இதே விபத்து நேரும். பணம் போய்விடும், தளத்தில் ‘தோல்வி’ என்றிருக்கும். பதறிப்போய் இரண்டாம் முறை கட்டாதீர்கள். வங்கியின் குறுஞ்செய்தியையும் தளத்தில் பழைய பரிவர்த்தனைப் பட்டியலையும் பார்த்த பிறகே அடுத்த வேலை. கடைக்காரருக்கோ நிறுவனத்துக்கோ செலுத்திய யுபிஐ பணம் கணக்கிலிருந்து கழிந்து, அங்கே உறுதியாகாமல் போனால், 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி. கேட்காமல் விட்டுவிடாதீர்கள். இந்தத் தாவல் தொல்லையே வேண்டாம் என்றால் நெட் பேங்கிங்கில் கட்டலாம். அது பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும்.

சில வேலைகளுக்குப் பிரவுசர் உதவவே உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். யுபிஐ ரகசிய எண்ணைப் பிரவுசரில் போட முடியாது. யுபிஐ செயலியைப் பதிவு செய்யும்போது வங்கியில் பதிந்த சிம் அதே போனில் இருந்து, அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே போக வேண்டும். செயலி ஏறாதவர்களுக்கு நட்சத்திரம் 99 ஹேஷ் என்று டயல் செய்யும் வழி இருக்கிறது: இணையம் வேண்டாம், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை. சாதாரண போன்களுக்கென்று யுபிஐ 123பே 2022 மார்ச்சில் வந்தது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழை முகம் காட்டிப் பதிவதற்கும் செயலியே வேண்டும். கேமரா மங்கிய பழைய போனில் அதோடு மல்லுக்கட்டுவதைவிடத் தபால்காரரை வரவழைத்துக் கைரேகை வைப்பது மேல், 70 ரூபாய்தான். முன்பதிவில்லாத ரயில் டிக்கெட்டும் செயலி வழியாகத்தான், இல்லையென்றால் நிலையத்துக் கவுன்டர். தட்கலைப் பொறுத்தவரை, 1 ஜிபி போனில் காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பது வீண். ஐஆர்சிடிசி தளத்தைச் சாதாரண முன்பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓபரா மினியைப் பலரும் பரிந்துரைப்பார்கள். செய்தி படிக்க, தேர்வு முடிவு பார்க்க அதைவிடச் சிக்கனம் வேறில்லை. அதன் அதிகபட்சச் சுருக்க முறையில் பக்கம் முதலில் ஓபராவின் சர்வருக்குப் போய், அங்கே திறந்து, சுருக்கி நமக்கு அனுப்பப்படுகிறது. அதாவது நம் போனுக்கும் வங்கிக்கும் நடுவே மூன்றாம் ஆள். வங்கிக் கணக்கை அதில் திறக்கவே கூடாது. பெரிய படிவங்களும் அதில் ஒழுங்காக வேலை செய்யாது.

பாதுகாப்பு பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. 2021-க்குப் பின் திருத்தமே பெறாத பிரவுசரில் பெரிய தொகை வைத்திருக்கும் கணக்கைத் திறக்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் அதே போனில் செயலி வைத்திருந்தாலும் அடியில் இருக்கும் சிஸ்டம் அதே பழசுதான். குறைந்த இருப்புள்ள ஒரு தனிக் கணக்கை மட்டும் அந்தப் போனோடு இணைப்பது நடைமுறைக்கு ஒத்த வழி. பிரவுசரில் போகும்போது முகவரியின் வாலைப் பாருங்கள்: ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. ஒருமுறை சரியான பக்கத்தைத் திறந்ததும், மூன்று புள்ளி மெனுவில் ‘முகப்புத் திரையில் சேர்’ கொடுத்துவிட்டால் செயலி போலவே ஒரு ஐகான் வந்துவிடும். இடம் ஏறக்குறைய பிடிக்காது, தேடல் விளம்பரத்தில் சிக்கிப் போலித் தளத்துக்குப் போகும் ஆபத்தும் குறையும்.

இதற்கு நேர்மாறாக, ப்ளே ஸ்டோர் மறுத்த செயலியைக் கண்ட இடத்தில் ஏபிகே என்ற நிறுவல் கோப்பாக இறக்கிப் போடுகிறார்கள். பழைய பதிப்பு நிறுவப்பட்டாலும் திறந்ததும் ‘அப்டேட் செய்’ என்று கதவைச் சாத்திவிடும். அது பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் ‘போக்குவரத்து அபராதம்’, ‘திருமண அழைப்பு’ என்று வரும் ஏபிகே, குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியை வாங்கிக்கொண்டு ஓடிபியை வெளியே அனுப்பிவிடும். அப்படிப் பணம் போனால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இனி, தளங்களை நடத்துகிறவர்களுக்கு. ‘எல்லோரும் செயலிக்கு வாருங்கள்’ என்று இணையதளத்தை மூடிப் பார்த்த அனுபவம் இந்த நாட்டிலேயே இருக்கிறது. 2015-இல் பிளிப்கார்ட் தன் மொபைல் தளத்தை மூடியது. அதே ஆண்டு நவம்பரில் மெலிந்த புதுத் தளமாகத் திரும்பக் கொண்டுவந்தது. மிந்த்ரா 2015 மே மாதம் கணினித் தளத்தையும் சேர்த்து மூடிவிட்டு, 2016-இல் கணினித் தளத்தைத் திரும்பத் திறந்தது. லாபக் கணக்குப் பார்க்கும் வியாபாரிகளுக்கே கட்டுப்படியாகவில்லை. அரசுத் துறைகளும் வங்கிகளும் அதே சோதனையை, வேறு கடைக்குப் போக வழியில்லாத மக்களிடம் செய்யலாமா?

எங்கள் கோரிக்கைகள் பெரிய செலவு வைப்பவை அல்ல. செயலி விளம்பரத்திலும் அலுவலக அறிவிப்புப் பலகையிலும், எந்த ஆண்ட்ராய்டு முதல் ஓடும் என்று ஒரு வரி போடுங்கள். அதே வரியில் இணையதள முகவரியையும் போடுங்கள். பாதித் திரையை மறைத்து ‘செயலியை இறக்குங்கள்’ என்று நிற்கும் பட்டையை எடுத்துவிடுங்கள். 5 அங்குலத் திரையில் அதன் மூடும் குறி விரலுக்குச் சிக்குவதே இல்லை. படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் சர்வரில் சேமித்துக்கொண்டே போங்கள். இடையில் பிரவுசர் மூடினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும். புகைப்படத்தின் அளவைக் குறைக்கும் வேலையை மக்கள் தலையில் கட்டாமல் சர்வரே செய்யட்டும். ஓடிபிக்கு 2 நிமிடம் என்பதை 5 ஆக்குங்கள். புதிய தளத்தைத் திறந்துவைக்கும் முன், ஆண்ட்ராய்டு 7, 1 ஜிபி ரேம் உள்ள ஒரு போனை வாங்கி, சாதாரண சிம் போட்டு, முதல் பக்கம் முதல் ரசீது வரை ஒருவரை உட்கார்ந்து முடித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் போன் பழைய சந்தையில் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுநீக்கும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை.